பாவையின் முதுகுப் பக்கம்

கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் பலர் பாடியிருக்கிறார்கள். பூதம் சமைத்த பாவை அது. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் அழகு குலையாதாம். பின்னால் வந்த கதைகள் அதற்கு ஒரு சிரிப்பையும் கொடுத்தன. நெருங்கியவனைச் சிரித்து மயக்கி, மயங்கியவனைக் கொன்றுபோடும் பொறி என்றன. இத்தனை நூற்றாண்டுகளாக அந்த முகத்தைப் பற்றித்தான் பேச்சு. சிரிப்பை இயக்கும் விசை எங்கே இருக்கிறது, முதுகுப் பக்கம் போய்ப் பார்ப்போமே என்று கேட்ட ஒருவரையும் நான் படித்தவற்றில் காணவில்லை.

பாவை கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அது நின்றதாகச் சொல்லும் கொல்லிமலையில் இன்று திரைகள் சிரிக்கின்றன, முறைக்கவும் செய்கின்றன. வளப்பூர் நாடு கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று. அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இந்த ஊராட்சிக்குள்தான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள், மிளகும் பலாப்பழமும் வாங்குவார்கள், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். மலையிலேயே வாழ்கிறவர்கள் ஏறி இறங்குவதற்குக் காரணம் வேறு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, ஆதாரில் விரல் விழாதது. இவை ஒவ்வொன்றும் இப்போது ஏதோ ஓர் இணையப் பக்கத்தின் வழியாகத்தான் போய்வருகின்றன.

இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் திரையைப் பார்த்துவிட்டு, “ரிஜெக்ட் ஆயிருக்குதுங்க பெரியப்பா” என்பான். ஏன் சாமி என்று பெரியவர் கேட்டால், “காரணம் வரலீங்க, சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது” என்பான். பெரியவர் மறுபேச்சில்லாமல் கிளம்புவார். தமிழ்நாட்டில் எந்த மையத்தில் போய் நின்றாலும் காதில் விழும் பேச்சு இது. மறுத்ததுகூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை. மறுபேச்சு இல்லாமல் போனதுதான் உறுத்துகிறது. “சாமி உத்தரவு கொடுக்கல” என்று பூசாரி சொன்னால் வாய்விட்டுச் சிரிக்கும் நாம், “சிஸ்டம் ஏத்துக்கல” என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறோம். எட்டுக்கை அம்மன் கோயிலில் விழுந்து கும்பிடுகிறவரைக் கேலி செய்ய எனக்கு இனி நாக்கு எழவில்லை. அவராவது தான் கும்பிடுவதை ஒப்புக்கொள்கிறார்.

இணையப் பக்கத்துக்கும் முதுகுப் பக்கம் உண்டு. அதைப் பார்க்கப் பொறியியல் பட்டம் வேண்டாம். கணினியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி யு என்ற எழுத்தைத் தட்டினால் போதும். அழகான படங்களும் பொத்தான்களும் மறைந்து, அவற்றை உண்டாக்கிய எழுத்துக்கூட்டம் வந்து நிற்கும். இதைத்தான் சோர்ஸ் கோடு, மூல நிரல் என்கிறார்கள். திரையில் தெரியாதபடி வைத்த கட்டங்கள், எழுதியவர் தன் சக ஊழியருக்கு விட்டுப்போன குறிப்புகள், நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்று எங்கோ இருக்கும் விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லும் வரிகள் எல்லாம் அதில் கிடக்கும். முக்கியமான சங்கதி ஒன்று: இந்த எழுத்துகளைத் தேடி நீங்கள் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. நீங்கள் பக்கத்தைக் கேட்டபோது அந்த நிறுவனத்தின் கணினி முழுத் தாளையும் உங்கள் கணினிக்கு அனுப்பிவிட்டது. உங்கள் உலாவி அதைப் படித்துத்தான் படமாகக் காட்டுகிறது. உலாவி படித்ததை நீங்களும் படிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வலை இப்படி அமைந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வுக்கூடம் உலகளாவிய வலையின் நிரலை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டது. ஒரு தலைமுறையே அடுத்தவர் பக்கத்தின் மூல நிரலைப் படித்துத்தான் இணையப் பக்கம் எழுதக் கற்றது. நம் ஊர் டிப்ளமோ பையன்கள் பலர் கற்றதும் அப்படித்தான், வாத்தியார் இல்லாமல்.

இப்படிப் படித்தவரைத் திருடன் என்று அழைத்த கதையும் உண்டு. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் நடந்தது. செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் ஜோஷ் ரெனாட், அந்த மாநிலக் கல்வித் துறையின் பக்கம் ஒன்றின் மூல நிரலைப் பார்த்தார். ஆசிரியர்களின் தகுதிச் சான்றைச் சரிபார்க்கும் பக்கம் அது. உள்ளே ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் வந்து கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் எண்கள் இப்படி அம்பலமாகும் நிலையில் இருந்ததாக அந்த நாளிதழ் கணக்கிட்டது. ரெனாட் அவசரப்படவில்லை. கண்டது மெய்தானா என்று சரிபார்த்தார், துறைக்குச் சொன்னார், அவர்கள் பக்கத்தைச் சரிசெய்யும் வரை செய்தியை வெளியிடாமல் காத்திருந்தார். அதன் பிறகுதான் அச்சேற்றினார். மறுநாளே மாநில ஆளுநர் மைக் பார்சன் செய்தியாளர்களைக் கூட்டி, இது ஹேக்கிங், வழக்குப் போடுவோம் என்று முழங்கினார். காவல்துறை விசாரணையும் நடந்தது. 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்துவிட்டார். எண்களை அங்கே கொண்டுபோய் வைத்தவர் யார் என்ற கேள்வி அந்த முழக்கத்தில் அமுங்கிப்போனது.

அமெரிக்க ஆளுநரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. பெங்களூருக்கு வருவோம். 2015 ஜூனில் தேஜேஷ் என்ற நிரலாளர், தன் சொந்தப் பக்கத்தை ஏர்டெல் 3ஜி இணைப்பில் திறந்து மூல நிரலைப் பார்த்தார். அவர் எழுதாத வரிகள் அதில் இருந்தன. யாரோ வழியில் மறித்துச் செருகியிருக்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று துருவியபோது அந்த முகவரி ஏர்டெல்லுடையது என்று தெரிந்தது. ஆதாரத்தோடு கிட்ஹப் தளத்தில் போட்டார். சில நாட்களில் இஸ்ரேலைச் சேர்ந்த ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்தது: அது எங்கள் நிரல், அதை வெளியிட்டது சட்டமீறல், உடனே எடு. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்று அவருக்கே காட்டத்தான் அந்த முயற்சி என்று ஏர்டெல் விளக்கம் சொன்னது. நோட்டீஸுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றும் சொன்னது. நோட்டீஸின் தருக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். என் பக்கத்துக்குள் நீ திருட்டுத்தனமாக நுழைத்ததை நான் பார்த்துவிட்டால், பார்த்த நான் குற்றவாளி.

2017 மே மாதம் பெங்களூரில் இயங்கும் இணையம் மற்றும் சமூக ஆய்வு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு அரசுத் தளங்களில் 13 கோடிக்கு மேற்பட்ட ஆதார் எண்கள், பல இடங்களில் வங்கிக் கணக்கு விவரங்களோடு, பொதுவில் கிடந்திருக்கலாம் என்றது. ஆதார் ஆணையம் அந்த மையத்துக்கே கடிதம் எழுதி, ஊடுருவியவர்கள் யார் என்று கேட்டது. 2018 ஜனவரியில் 500 ரூபாய் கொடுத்தால் பத்து நிமிடத்தில் யாருடைய ஆதார் விவரத்தையும் பார்க்கும் வழி கிடைக்கிறது என்று ட்ரிப்யூன் நாளிதழ் எழுதியது. ஆணையம் கொடுத்த புகாரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் சேர்ந்தது. அதற்கு முன்பு, 2010 ஆகஸ்டில், மின்னணு வாக்குப் பதிவு எந்திரத்தைப் பிரித்து ஆராய்ந்து குறை சொன்ன ஹைதராபாத்தின் ஹரி பிரசாத் கைதானார். எந்திரம் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதே காவல்துறையின் கேள்வி. அது கேட்க வேண்டிய கேள்விதான். எந்திரத்துக்குள் அவர் என்ன கண்டார் என்பதும் அதே வேகத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கிராமத்தில் இதற்கு ஒரு பேர் உண்டு: சாமி குத்தம். சிலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவன் வீட்டில் மாடு செத்தால் பார்த்ததுதான் காரணம். படித்த அதிகாரிகளும் சம்பளம் வாங்கும் வக்கீல்களும் ஆங்கிலத்தில் எழுதினால் அது நோட்டீஸ் ஆகிவிடுகிறது.

சட்டம் உண்மையில் அவ்வளவு மூடமாக இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, அதன் 43ஆம் பிரிவில் உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைப் பேசுகிறது. 66ஆம் பிரிவு அதையே குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ என்கிறது. ஆனால் நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே வரியில் இருக்கிறது. தனக்கு அனுப்பிய தாளைப் படித்தவனிடம் மோசடி எங்கே வந்தது? அப்படியும் நோட்டீஸ் வேலை செய்கிறது. வழக்கில் ஜெயிப்பதற்காக அதை அனுப்புவதில்லை. இன்னொருவன் முதுகுப் பக்கம் போகாதிருக்க வேண்டும் என்பதற்காக அனுப்புகிறார்கள்.

இதுவரை படித்துவிட்டு, எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்கலாம் என்கிறாயா என்று கேட்பவருக்கு, இல்லை என்பதே என் பதில். இந்த இடத்தில், எல்லாவற்றையும் திற என்று கேட்கும் நம் பக்கத்து ஆட்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

2017இல் கசிந்ததாகச் சொன்ன தளங்களில் ஒன்று நூறு நாள் வேலைத் திட்டத்தின் தளம். அதில் யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி என்பது ஊர் ஊராக எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. அது தானாக வந்த வசதி என்று எண்ணிவிட வேண்டாம். 1990களின் நடுவில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்காத்தன் என்ற உழைப்பாளர் அமைப்பு, ஊர் நடுவே ஜன் சுன்வாய் என்னும் பொது விசாரணைகளை நடத்தியது. வேலைக்கு வந்தவர் பெயரும் கூலியும் எழுதும் ஏடான மஸ்டர் ரோலைத் திறந்து சத்தமாக வாசித்தார்கள். செத்தவர் பேரில் கூலி, ஊரைவிட்டே போனவர் பேரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு. ஏட்டைக் காட்டமாட்டேன், அது அலுவலக ரகசியம் என்று அதிகாரிகள் சொன்னபோது எழுந்த போராட்டம்தான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை வந்தது. நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோல் இணையத்தில் திறந்து கிடந்ததற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

அதே தளத்தில் அதே கூலிக்காரப் பெண்ணின் ஆதார் எண்ணும் கணக்கு விவரமும் வந்து விழுந்தால்? அவளுக்குக் கூலி போட்டார்களா என்று ஊர் பார்ப்பது நியாயம். அவளுடைய கணக்கை ஊரைத் தாண்டி ஒரு மோசடிக்காரன் பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்? அரசு தன் கையில் இருந்த பேனாவால் செலவுக் கணக்கையும் அவள் அந்தரங்கத்தையும் ஒரே பக்கத்தில் எழுதியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை வளப்பூர்க் கூலிக்காரிக்கும் சேர்த்துத்தான் வந்தது.

ஆகவே என் கட்சி இது. என்னை ஆளுகிற எதனுடைய உள்ளும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் ஆளாத, என்னை ஆளாத இன்னொரு மனிதரின் உள் எனக்குத் தெரியத் தேவையில்லை. நம்மில் எத்தனை பேர் இதற்குச் சம்மதிப்போம்? பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைப்பேசியைக் குடும்ப மானத்தின் பேரில் பிடுங்கிப் பார்க்கிற ஊர் இது. மகளின் வாட்ஸ்அப்பை நோண்டுகிற அப்பா, தன் ஓய்வூதியம் ஏன் நின்றது என்று கருவூலத்தில் ஒரு கேள்வி கேட்கக் கூசுகிறார். அவரிடம் ஆவல் நிறைய இருக்கிறது. அது பாயும் திசைதான் தலைகீழாக இருக்கிறது. ரெனாட் செய்ததை இதோடு வைத்துப் பாருங்கள். அவர் எட்டிப் பார்த்தது துறையின் அலட்சியத்தை. ஆசிரியர்களின் எண்களில் ஒன்றையும் அவர் அச்சில் ஏற்றவில்லை.

அரசுக்கு இந்தத் திசை நன்றாகப் புரிந்திருக்கிறது. 2023இல் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மக்கள் தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தலைப்புச் செய்திகள் வந்தன. உள்ளே, 44ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் ஒரு திருத்தம் இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு அதுவரை, தனிநபர் தகவலானாலும் பொது நலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அந்த வரிக்குள்ளேயே சொல்லிவந்தது. திருத்தம் அந்த விலக்கைக் கழற்றிவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. 8(2) என்ற பொது நலப் பிரிவு இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது, இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கோப்பை மறுக்கிற எழுத்தர் எந்தப் பிரிவை முதலில் எடுப்பார் என்று அலுவலகத்துக்கு நடந்து தேய்ந்தவர்களைக் கேளுங்கள். மஸ்டர் ரோலில் இருப்பது பெயர்தானே, பெயர் தனிநபர் தகவல்தானே என்று ஒருவர் சொல்லிவிட்டால் 1990களுக்கே திரும்பிப் போகலாம். கூலிக்காரியின் அந்தரங்கத்தைக் காட்டி ஒப்பந்தக்காரரின் கணக்கை மூடுகிற வித்தை இது.

இன்னொரு சங்கடம் மிச்சம் இருக்கிறது. கன்ட்ரோலையும் யுவையும் தட்டினால் வருவது பக்கத்தின் முதுகு மட்டுமே. முடிவெடுக்கும் நிரல் அங்கே இருப்பதில்லை. அது எங்கோ ஒரு சர்வரில், நமக்கு அனுப்பப்படாமல் இருக்கிறது. பெரியவரின் விண்ணப்பத்தை எந்த விதி தள்ளியது என்பதை வளப்பூர் நாட்டுக் கணினியில் எவ்வளவு துருவினாலும் காண முடியாது.

தெலங்கானாவில் சமக்ர வேதிகா என்ற நிரல் பல அரசுத் தரவுகளைப் பொருத்திப் பார்த்து, யாருக்கு ரேஷன் தகுதி இல்லை என்று கண்டுபிடித்தது. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரைக் கார் வைத்திருப்பவர் என்று அது சொன்ன கதையை 2024 ஜனவரியில் அல் ஜசீரா விரிவாக எழுதியது. பெயர் ஒத்துப்போனதால் வந்த குழப்பம். குடும்பத்துக்கு வந்த அரிசி நின்றுபோயிற்று. 2014க்கும் 2019க்கும் இடையில் அந்த மாநிலத்தில் ரத்தான உணவுப் பாதுகாப்பு அட்டைகள் 18 லட்சத்தைத் தாண்டும். நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றிருந்தால் கார் இல்லை என்று தெரிந்திருக்கும். எந்திரத்தை நம்பியவர்களுக்கு வாசலுக்குப் போகத் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் கதை இன்னும் கொடுமை. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியதை நம்பி, 1999 முதல் 2015 வரை கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் 900க்கும் மேற்பட்டோருக்குத் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டனை. சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் கர்ப்பிணியாக இருக்கும்போதே 2010இல் சிறைக்குப் போனார். கோளாறு மென்பொருளில் என்று 2019இல் உயர் நீதிமன்றம் கண்டது. இத்தனைக்கும் அந்த நாட்டுச் சட்டத்தில், மறுத்து நிரூபிக்கும் வரை கணினி சரியாகவே இயங்கியது என்றுதான் நீதிமன்றம் கொள்ள வேண்டும். கடவுள் வாக்குக்குக்கூட இன்று எந்த நீதிமன்றமும் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

திறந்துகாட்டினால் ஆபத்து என்பார்கள். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சேது செயலியின் நிரலைக் காட்ட வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். மே 26ஆம் தேதி ஆண்ட்ராய்டு நிரலை வெளியிட்டார்கள். நாடு கவிழவில்லை. அந்தச் செயலியை உருவாக்கியவர் யார் என்று அதே ஆண்டு தகவல் உரிமையில் கேட்டதற்கு, தேசியத் தகவல் மையம் தன்னிடம் விவரம் இல்லை என்றது. மத்தியத் தகவல் ஆணையம் அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டியதாயிற்று. நிரலைத் திறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. எழுதியவர் யார் என்று சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது.

கொல்லிமலையை ஆளுகிற நிரல் வரி ஒன்று இருக்கிறது. அதற்குக் கணினியே தேவையில்லை. 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் பழங்குடிகள்) ஆணையில் தமிழ்நாட்டுக்கான பட்டியலில், 1976 திருத்தத்துக்குப் பின், கொல்லிமலை மக்களைக் குறிக்கும் மலையாளி என்ற பெயருக்கு எதிரே ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் இருந்தால் பழங்குடி. கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டம் அதில் இல்லை. 1997 ஜனவரி 1 அன்றுதான் அது சேலத்திலிருந்து பிரிந்தது. சேலத்தின் பிள்ளை என்பதால் வளப்பூர் நாட்டு மலையாளிகள் பட்டியலுக்குள் இருக்கிறார்கள். ஈரோடும் இல்லை. அது 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த மாவட்டம். கோயம்புத்தூர் அந்த அடைப்புக்குறிக்குள் வரவே இல்லை. விளைவு, ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், அதே பெயரும் அதே மலை வாழ்வும் இருந்தும், பழங்குடிப் பட்டியலுக்கு வெளியே நின்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வளப்பூரில் பிறந்தால் பழங்குடி, பர்கூரில் பிறந்தால் இல்லை. மலைக்கும் மலைக்கும் நடுவே ஓடும் கோட்டை எந்தச் சாமியும் போடவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில் மாவட்டப் பெயர்களைத் தட்டச்சு செய்த விரல் போட்டது. இந்த வரியை நீதிமன்றத்தாலும் திருத்த முடியாது. பட்டியலில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. இ-சேவை மையத்தின் எந்தப் பக்கமும் இந்த அடைப்புக்குறியை விண்ணப்பதாரருக்குக் காட்டி நான் பார்த்ததில்லை. சான்று வரும், அல்லது வராது.

ஆணை ரகசியமானதில்லை. யாரும் படிக்கலாம். படித்தவர் எத்தனை பேர்? மறைத்து வைத்ததைத் தேட ஆர்வம் கொள்கிற நாம், திறந்து கிடப்பதைப் படிக்கச் சோம்பல்படுகிறோம். இதில் பகுத்தறிவு இயக்கத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1953 மே மாதம் பெரியார் பிள்ளையார் பொம்மைகளை உடைக்கச் சொன்னபோது அதில் ஒரு செய்முறை இருந்தது: உடைத்துப் பார், உள்ளே மண்தான். இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்ச ரூபாயைப் பந்தயம் வைத்து, அற்புதம் செய்கிறவர்களைச் சோதனைக்கு அழைத்தார். சோதனைக்கு இணங்காதவனை நம்பாதே என்பதே அவர் ஊர் ஊராகச் சொன்ன பாடம். அவர்களுக்குப் பிறகு வந்த நாம் பழைய சாமியார்களையே மறுபடி மறுபடி அம்பலப்படுத்திக் கைதட்டு வாங்குகிறோம். சோதனைக்கு இணங்காத புதியவற்றின் முன் நம் இயக்கக் கூட்ட நோட்டீஸ்கூட அச்சாவதில்லை. ஆண்டுதோறும் தீமிதி அறிவியல் விளக்கம் நடத்துகிறவர்கள், முதியோர் உதவித்தொகை நிராகரிப்பு விளக்கம் என்று ஒரு நிகழ்ச்சி நடத்தியதை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தீ மிதித்தவர் காலில் கொப்புளம் வராததன் காரணம் தெரியாவிட்டால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

முன்பு மலையில் பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் கூடி நியாயம் சொன்னார்கள். பெண்களின் குரல் பெரும்பாலும் கேட்காத கூட்டம் அது; அதைப் போற்றிப் பாட நான் வரவில்லை. ஒன்று மட்டும் அதில் இருந்தது. தீர்ப்புச் சொன்ன ஆளின் முகம் தெரியும். “ஏன் இப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டால் ஏதாவது ஒரு காரணத்தை, பொய்யான காரணத்தையாவது, அவர் எல்லார் முன்னும் சொல்லியாக வேண்டும். பொய்க் காரணத்தோடு மல்லுக்கு நிற்கலாம். காரணமே இல்லாத திரையோடு எப்படி நிற்பது?

வழி ஒன்று சட்டத்திலேயே கிடக்கிறது, மலையில் யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவு, ஓர் அரசு அலுவலகம் எடுக்கும் நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணங்களைத் தானாகவே தர வேண்டும் என்கிறது. கேட்காமலே தர வேண்டிய கடமை. ‘சிஸ்டம் ஏத்துக்கல’ என்பது காரணம் ஆகாது. சிஸ்டத்துக்குள் இருந்த விதி எது, அதை எழுதச் சொன்ன அரசாணை எது, ஒப்புதல் அளித்த அதிகாரியின் பதவி என்ன என்பதே காரணம். தன் சொந்த விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்பவரிடம் தனிநபர் தகவல் என்று மறுக்கவும் வழியில்லை; கேட்கும் நபரே அந்தத் தனிநபர்.

வளப்பூர் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பில் படம் வரையக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்கு எடுக்கலாம். முதல் பாதியில் கன்ட்ரோல் யு. தங்கள் பள்ளிக்கூடமோ ஊராட்சியோ இணையத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கட்டும். அங்கே யாருடைய எண்ணாவது கிடந்தால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாமல், அதை வைத்த அலுவலகத்துக்குச் சொல்லட்டும். மீதிப் பாதியில் தாத்தாவின் நிராகரிப்புச் சீட்டை வகுப்புக்கு எடுத்துவரட்டும். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர். விண்ணப்ப எண், தேதி, பிறகு ஒரே கேள்வி: என் விண்ணப்பத்தைத் தள்ளிய விதியின் முழு வாசகத்தைத் தரவும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு எங்கே செய்வது என்பதையும் அதே தாளின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.